அப்பா போய்விட்டார், வக்கீல் யார்?

இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இல் 293-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஒருவர் இறந்து முழுசாக ஏழு நாள் கழியாமல் அவருடைய உயிலுக்கு நீதிமன்றம் புரொபேட், அதாவது உயில் மெய்யானது என்ற சான்று, தரக் கூடாது. லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் எனப்படும் நிர்வாக உரிமைப் பத்திரம் என்றால் பதினான்கு நாள். துக்க வீட்டார் அவசரப்படுவார்கள் என்று அந்தக் காலத்திலேயே யாருக்கோ தெரிந்திருக்கிறது. நம் ஊர் வழக்கமும் தெரிந்திருந்தால் பதினாறு என்று போட்டிருப்பார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, இலை எடுத்து, வெற்றிலைத் தட்டு கூடத்துக்கு வந்த பிறகுதான் இங்கே அந்தப் பேச்சு ஆரம்பிக்கும். ஆரம்பிப்பவர் பெற்ற பிள்ளைகளில் ஒருவராக இருக்கமாட்டார். "நான் சொல்றேனேன்னு யாரும் தப்பா நினைக்கக் கூடாது" என்று தொண்டையைச் செருமுபவர் எப்போதும் ஒரு மாப்பிள்ளைதான்.

உங்கள் வீட்டில் அந்தச் செருமல் கேட்டுவிட்டதென்றால் உங்களுக்கு ஒரு வக்கீல் தேவை. அவரைப் பிடிக்கும் வழியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மாதிரிக்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். பெரம்பூரில் முக்கால் கிரவுண்டில் ஒரு மாடி வீடு, இரண்டு வங்கிக் கணக்குகள், ஒரு லாக்கர், காகிதமாகவே தங்கிவிட்ட கொஞ்சம் ஷேர்கள். பிள்ளைகள் நான்கு பேர். பெரியவர் நியூ ஜெர்சியில், அக்கா திருச்சியில், தங்கை அம்பத்தூரில், சின்னவர் அதே வீட்டு மாடியில். அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர். உயிலும் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். வீடு, அம்மா காலம்வரை அம்மாவுக்கு அனுபவ பாத்தியம், அப்புறம் சின்னவருக்கு. நகை பெண்களுக்கு. பெரியவருக்கு ஒரே ஒரு வரி: 'அவனுக்குக் கடவுள் நிறையவே கொடுத்திருக்கிறார்.'

அந்த ஒரு வரிதான் இனி வரப்போகும் வருடங்களை நடத்தப்போகிறது.

முதலில் செய்யக் கூடாத காரியம், நேராக ஒரு வக்கீலிடம் போவது. அப்படிப் போவது உறவினரை அவமதிப்பதாகும். வக்கீலைத் தெரிந்த ஒருவரிடம்தான் போகவேண்டும். ஒவ்வொரு குடும்பத்திலும் சட்டம் படிக்காத சட்ட நிபுணர் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் சின்ன மாமா. பல வருடங்களுக்கு முன்னால் லாரி இடித்த வழக்கில் இழப்பீடு வாங்கியவர் என்பதே அவருடைய தகுதி. அவருக்குத் தெரிந்த வக்கீல் விபத்து வழக்கும் செக் கேஸும் பார்ப்பவர். "உயிலெல்லாம் அவருக்கு ஜுஜுபி" என்பார் மாமா. மறுக்காதீர்கள். அந்த வக்கீலிடம் போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். மாமா பிற்பாடு உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லாமல் இருக்க அந்தக் காபி உதவும்.

அடுத்தவர் சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான்: "பட்டாவ மாத்திட்டா முடிஞ்சுது சார்." அதற்கு வாரிசு சர்டிபிகேட் வேண்டும் என்பார். உடனே வீட்டில் ஒருவர் இ-சேவை மையத்துக்குக் கிளம்பிவிடுவார். தாசில்தார் தரும் அந்தச் சான்றிதழ், இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று மட்டும் சொல்லும். உயில் எழுதினாரா, யாருக்கு எழுதினார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. வங்கிப் பணம், ஷேர் போன்றவற்றுக்காக நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ் வேறு. புரொபேட் அதற்கும் வேறு. இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் உங்கள் தெருவில் யாராவது இருந்தால் அவரையே வக்கீலாக வைத்துக்கொள்ளலாம், பட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளவும்.

பெரியவர் காணொளியில் வருவார். அங்கே ராத்திரி, கையில் காபிக் கோப்பை. "புரொபேட்டே இப்ப வேணாமாமே, படிச்சேன்" என்பார். பாதி சரி. வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு ஒன்று நூறு வருடம் ஓடியது: சென்னை, மும்பை, கொல்கத்தா உயர் நீதிமன்றங்களின் பழைய எல்லைக்குள் இந்துவோ, சீக்கியரோ, சமணரோ, பௌத்தரோ எழுதிய உயில், அல்லது அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு நிலத்தைப் பற்றிய உயில் என்றால், புரொபேட் வாங்காமல் அதை வைத்து நீதிமன்றத்தில் உரிமை கொண்டாட முடியாது. பெரம்பூரில் வீடு வாங்கிய அப்பாவின் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இருந்தது. அதே பணத்துக்கு தாம்பரத்தில் மனை வாங்கி அங்கேயே உட்கார்ந்து உயில் எழுதியிருந்தால் இருந்திருக்காது. இந்த ஏற்பாட்டைச் சொன்ன 213-ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் எடுத்துவிட்டது.

சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்தார்களே தவிர, வீடு வாங்க வருபவரின் மனத்திலிருந்து எடுக்கவில்லை. வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கியின் வக்கீல் லீகல் ஒப்பீனியன் எழுத உட்கார்ந்து, "வாரிசு அஞ்சு பேர், உயில்ல வீடு ஒருத்தருக்கு, மத்தவங்க கையெழுத்து இல்ல, கோர்ட் ஆர்டரும் இல்லையா?" என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால், 213 ரத்தான கதையை அவரிடம் சொல்லிப் பாருங்கள். தவிர, உயிலே பொய் என்று ஒருவர் கிளம்பிவிட்டால் ஏதோ ஒரு நீதிமன்றத்தில் அதை நிரூபித்துத்தான் ஆகவேண்டும். ஆக, புரொபேட் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதற்கே இப்போது ஒரு வக்கீல் தேவைப்படுகிறார். வேண்டுமென்று முடிவானால், உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் மனுப் போடவேண்டும் என்கிறது காலவரம்புச் சட்டம். கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதில் வக்கீல்களுக்குள்ளேயே சண்டை உண்டு.

சரி, பாரிமுனைக்குப் போவோம். தம்புச் செட்டித் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் படிக்கட்டு வாசலில் நில்லுங்கள். ஜெராக்ஸ் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில் ஒரு சந்து, அதற்குள் படிக்கட்டு, எதிரே ஒருவர் இறங்கி வந்தால் நீங்கள் பக்கவாட்டில் திரும்பிச் சுவரோடு ஒட்டவேண்டும். ஒட்டினால் முதுகில் பெயர்ப் பலகை குத்தும். நீல எனாமல் தகட்டில் வெள்ளை எழுத்து ஒன்று, அதன் கீழே பித்தளை, அதற்கும் கீழே பிளாஸ்டிக், கடைசியில் பளபளக்கும் அக்ரிலிக். எனாமல்காரர் காலமாகி ஒரு தலைமுறை ஆகியிருக்கும். பலகையைக் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை. எல்லாவற்றிலும் பெயர், பட்டம், அட்வகேட் என்ற மூன்று விஷயம்தான். இதில் உயில் வக்கீல் யார்?

அதைத் தெரிந்துகொள்ள முடியாதபடிதான் விதியே இருக்கிறது. இந்திய பார் கவுன்சிலின் 36-ஆம் விதிப்படி வழக்கறிஞர் விளம்பரம் செய்யக் கூடாது. ஆள் பிடிக்கக் கூடாது. பலகை நியாயமான அளவில் இருக்கவேண்டும். இன்ன வகை வழக்கில் நான் கைதேர்ந்தவன் என்று பலகையில் போடக் கூடாது. பல் டாக்டர் பல்லைப் படமாகவே வரைந்து மாட்டலாம். வக்கீல் உயில் என்ற மூன்றெழுத்தைப் போட முடியாது. 2008-இல் கொஞ்சம் தளர்த்தி, தன் இணையதளத்தில் எந்தத் துறையில் தொழில் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார்கள். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஆன்லைன் சேவைத் தளங்கள் வழியாக ஆள் பிடிக்கும் வழக்கறிஞர்கள்மேல் நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஆகவே, 'உயில் வழக்கா? நூறு சதவீத வெற்றி!' என்று உங்கள் கைப்பேசியில் மின்னும் நபர் உங்கள் வழக்கை நடத்துவதற்கு முன்னால் தன் வழக்கை நடத்திக்கொண்டிருக்கக் கூடும்.

அப்படியென்றால் எப்படித்தான் கண்டுபிடிப்பது? குமாஸ்தாவிடம் கேளுங்கள்.

வக்கீல் குமாஸ்தாவைப் பற்றித் தமிழில் யாரும் சரியாக எழுதவில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை. உயர் நீதிமன்ற வளாகத்தில் எந்த அறையில் எந்தக் கட்டு தூங்குகிறது, எந்த செக்‌ஷனில் எந்த மேஜை மத்தியானத்துக்குப் பிறகுதான் பேசும், எந்த வக்கீல் டெஸ்டமென்டரி விஷயம் பார்க்கிறார், எவர் பார்ப்பதாகச் சொல்லிக்கொள்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கேட்டவுடன் சொல்லமாட்டார். முதலில் உங்கள் ஊர், அப்பா என்ன வேலை என்று விசாரிப்பார். பிறகு வானத்தைப் பார்த்து ஒரு பெயரைச் சொல்வார். சின்ன மாமா சொன்ன பெயரும் குமாஸ்தா சொன்ன பெயரும் ஒன்றாக இருக்காது. குமாஸ்தாவை நம்புங்கள்.

வக்கீலிடம் போனதும் நீங்கள் பேசாதீர்கள், அவர் முதலில் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். "சொத்து என்ன பெறும்?" என்று கேட்டால் அவர் மனிதர். "உயில்ல எக்ஸிகியூட்டர்னு யாரையாவது போட்டிருக்கா?" என்று கேட்டால் அவர் வக்கீல். ஏனென்றால் புரொபேட் என்பதை உயிலில் பெயர் குறிப்பிட்ட நிறைவேற்றுநருக்கு மட்டும்தான் தரமுடியும். நம் அப்பா யாரையும் போடவில்லை. தன் கையால் எழுதும் அப்பாக்கள் பெரும்பாலும் போடுவதில்லை. சின்னவன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்திருப்பார். எனவே உங்களுக்குக் கிடைக்கப்போவது புரொபேட்டே இல்லை, உயில் இணைத்த லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன். அதை வாங்குபவர் ஜாமீன்தாரரோடு நீதிமன்றத்துக்குப் பத்திரம் எழுதித் தரவேண்டும். உங்களுக்காக ஜாமீன் போட உறவில் யார் வருவார் என்று யோசித்தபடியே இருங்கள், நாம் அடுத்த கேள்விக்குப் போவோம்.

"சாட்சி போட்டவங்க உயிரோட இருக்காங்களா?"

இதைக் கேட்பவரை விடாதீர்கள். உயிலில் குறைந்தது இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கவேண்டும். அவர்களில் ஒருவரையாவது அழைத்துவந்து நிரூபிக்கவேண்டும். உயில் பதிவு செய்யப்பட்டிருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. பதிவு என்பது உயிலுக்குக் கட்டாயமும் இல்லை, கவசமும் இல்லை. நம் அப்பா உயிலுக்குச் சாட்சி போட்டவர்கள் அவரோடு காலையில் பூங்காவில் நடந்த இரண்டு நண்பர்கள். ஒருவர் கொரோனாவில் போய்விட்டார். மற்றவருக்கு எண்பத்து நான்கு, கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார், காது மந்தம்.

அன்றிலிருந்து அந்த முதியவருக்கு வரும் மரியாதையைப் பார்க்கவேண்டும். அப்பாவுக்கு உடம்பு முடியாதபோது வாரம் ஒருமுறை போன் செய்த அக்கா, இப்போது கோயம்புத்தூருக்குத் தினம் போன் செய்கிறார். "ஐயா, பி.பி. மாத்திரையெல்லாம் கரெக்டா சாப்பிடறீங்களா? குளிர்ல வெளிய போகாதீங்க." ஹார்லிக்ஸ் போகிறது. ஆப்பிள் போகிறது. அவர் சொல்லவேண்டியது சின்ன விஷயம்தான்: அப்பா கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தேன், நான் போட்டதை அப்பா பார்த்தார், அப்போது அவர் தெளிவாக இருந்தார். ஆனால் முதியவருக்கு அந்த நாளில் நன்றாக நினைவிருப்பது, அன்று பூங்கா வாசலில் சாப்பிட்ட கேசரி. நல்ல வக்கீல் அந்தக் கேசரியையும் விடமாட்டார். குறுக்கு விசாரணையில் அதுதான் அவரை நிஜமான சாட்சியாகக் காட்டும் என்பார்.

மூன்றாவது கேள்வி சின்னவரைப் பார்த்து வரும். "உயில் எழுதின அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" பெருமையோடு பதில் வரும்: "நான்தான் சார் வெள்ளைத்தாள் வாங்கிட்டு வந்தேன், நான்தான் சாட்சிங்களை ஆட்டோல கூட்டிட்டு வந்தேன், பக்கத்துலயே நின்னேன்." வக்கீலின் முகம் விழுவதைப் பார்க்கலாம். உயிலால் அதிகப் பலன் அடைபவரே உயில் எழுதும் காரியத்தில் முன்நின்று ஓடியாடினால், அதுவே சந்தேகத்துக்கு இடம். அந்தச் சந்தேகத்தைப் போக்கும் பாரமும் அவர்மேல்தான். 1959-இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கமாகச் சொன்னதை இன்றுவரை எல்லா உயில் வழக்கிலும் இரண்டு தரப்பும் படிக்கின்றன. அப்பாவிடம் நல்ல பிள்ளையாக இருந்ததற்கு நீதிமன்றத்தில் விளக்கம் சொல்லவேண்டிவரும் என்று சின்னவருக்கு அதுவரை தெரியாது.

இப்போது பெரியவருடைய வக்கீலுக்கு வருவோம். ஆமாம், அவருக்குத் தனி வக்கீல். உயிலை ஆட்சேபிக்க அவர் கேவியட் போடுவார், போட்டதும் ஓ.பி.யாக இருந்த மனு டி.ஓ.எஸ். என்ற முழு வழக்காக மாறும். நீதிமன்றம் பார்க்கப்போவது மிகக் கொஞ்சம்: இது அவருடைய கடைசி உயிலா, முறைப்படி கையெழுத்தும் சாட்சியும் இருக்கிறதா, எழுதும்போது புத்தி தெளிவாக இருந்ததா. வீடு உண்மையில் அப்பாவுடையதா என்பதைக் கூட இங்கே தீர்மானிக்கமாட்டார்கள். அதற்கு வேறு வழக்கு. பங்கு நியாயமா என்று கேட்கவே மாட்டார்கள். சொந்தச் சம்பாத்தியத்தை ஒருவர் பிள்ளைக்கும் எழுதலாம், பிள்ளையார் கோயிலுக்கும் எழுதலாம்.

பெரியவருக்கு வேண்டியதோ வீடு இல்லை. நியூ ஜெர்சியில் அதைவிடப் பெரிய வீடு இருக்கிறது. 'அவனுக்குக் கடவுள் நிறையவே கொடுத்திருக்கிறார்' என்று அப்பா ஏன் எழுதினார்? முதல் பத்து வருடம் மாதாமாதம் பணம் அனுப்பியது யார்? மாடி கட்டினது யார் காசு? கடைசி நேரத்தில் விசா சிக்கலால் வர முடியாமல் போனது குற்றமா? இந்தக் கேள்விகளை எந்த நீதிமன்றமும் எடுத்துக்கொள்ளாது. ஆகவே அவற்றை வக்கீல் நீதிமன்ற மொழிக்கு மாற்றுகிறார்: உயிலில் இருப்பது அப்பாவின் கையெழுத்தே இல்லை, அப்படியே இருந்தாலும் சுயநினைவோடு போட்டதில்லை, நினைவோடு போட்டிருந்தாலும் மிரட்டி வாங்கியது. பெரியவர் இந்த மூன்றையும் படித்துப் பார்த்து, "அப்பாவை யாராலயும் மிரட்ட முடியாதே" என்று தயங்குவார். "இது ஃபார்மாலிட்டி சார்" என்பார் வக்கீல். கையெழுத்து விழும்.

இங்கேதான் வக்கீலைத் தேர்ந்தெடுக்கும் நிஜமான சோதனை இருக்கிறது. பணம் அனுப்பிய கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, தண்ணீர் கொடுத்து, "இதுக்கும் வழக்குக்கும் சம்பந்தம் இல்ல சார், இதை உங்க தம்பிகிட்ட நேர்ல சொல்லுங்க" என்று சொல்பவர் கிடைத்தால் அவருக்குக் கேட்டதைவிட அதிகமாகவே ஃபீஸ் கொடுக்கலாம். "இதையும் ஒரு பாராவா சேர்த்துடுவோம்" என்பவரிடம் போனால் பாரா நீளும், வழக்கும் நீளும். உயர் நீதிமன்ற வளாகத்திலேயே 2005-இல் தொடங்கிய சமரச மையம் ஒன்று இருக்கிறது. நீதிமன்றத்தோடு சேர்ந்த இத்தகைய மையங்களில் நாட்டிலேயே முன்னோடி. அண்ணன் தம்பி இருவரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டியிருக்கும் என்பதால் அந்த வழியைப் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன்படி பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. வருமான வரம்பு கிடையாது. இந்தத் தகவலை அண்ணன்மார் தங்கைகளிடம் சொன்னதாக வரலாறு இல்லை, அதனால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஃபீஸ் பேசும்போது வெட்கப்படக் கூடாது. வீட்டை விற்றால் இத்தனை சதவீதம் என்று எவராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்; வழக்கின் முடிவை வைத்துக் கூலி பேசுவதையும் சொத்தில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதி தடுக்கிறது. இன்னொன்று: ஃபீஸ் பாக்கி என்பதற்காக வக்கீல் உங்கள் கட்டைப் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனம் ஒத்துப்போகவில்லையென்றால் வக்காலத்தை மாற்றிக்கொள்ளலாம். கட்டு திரும்பி வரும். அதிலிருக்கும் காகிதங்கள் எல்லாமே வருமா என்பது குமாஸ்தாவின் மனநிலையைப் பொறுத்தது.

எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்பீர்கள். மனுவைத் தாக்கல் செய்ததும் வழக்கு ஆரம்பித்துவிடும் என்று நினைப்பது முதல் முறை வருபவர்களின் அழகு. பேப்பர் முதலில் ரிட்டர்ன் ஆகும். மார்ஜின் போதாது, இறப்புச் சான்றிதழில் இனிஷியல் வேறு, உயிலில் இனிஷியல் வேறு, தமிழ் உயிலுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லை. சரிசெய்து மறுபடி கொடுத்தால் வேறு ஒரு குறை. நம்பர் ஆவதற்கே ஒரு பருவம் போகும். பிறகு உறவினருக்கெல்லாம் நோட்டீஸ், செய்தித்தாளில் அறிவிப்பு, மாஸ்டர் கோர்ட்டில் சாட்சியம். நடுவில் கோடை விடுமுறை, பூஜை விடுமுறை.

காத்திருந்து கால் கடுத்தால், வெளியே வந்து என்.எஸ்.சி. போஸ் சாலைப் பக்கம் நடந்து கிரேக்கக் கோயில் பாணித் தூண்களோடு நிற்கும் பச்சையப்பன் மண்டபத்தைப் பாருங்கள். பச்சையப்ப முதலியார் உயில் எழுதிவைத்துவிட்டு 1794-இல் காலமானார். தர்மத்துக்கென்று அவர் விட்டுப்போன பணம் வழக்கும் வாய்தாவுமாகச் சிக்கி, ஜார்ஜ் நார்ட்டன் என்ற அட்வகேட் ஜெனரல் அக்கறை எடுத்துக்கொண்ட பிறகு மீண்டு, 1842-இல்தான் அவர் பெயரில் பள்ளிக்கூடம் திறந்தது. நாற்பத்தெட்டு வருடம். இதை உங்கள் வக்கீலிடம் சொல்லாதீர்கள், அவர் ஊக்கம் பெற்றுவிடுவார்.

உயிலே எழுதாமல் போனால் தொல்லை இல்லையோ என்று தோன்றும். ஜெயலலிதா உயில் எழுதாமல் 2016 டிசம்பரில் மறைந்தார். அண்ணன் பிள்ளைகள் இருவரையும் வாரிசுகளாக உயர் நீதிமன்றம் ஏற்றது 2020 மே மாதத்தில். அவருடைய வீடான வேதா நிலையம் அதற்குப் பிறகும் வழக்கில் கிடந்தது.

சொத்தைப் பற்றிய ஜாக்கிரதை நீதிமன்றத்துக்கே உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தின் எல்லா வாசல்களையும் வருடத்தில் ஒருநாள் இழுத்துப் பூட்டிவிடுவார்கள். பொதுமக்கள் காலகாலமாக இந்த வழியாகத்தான் போய்வருகிறோம் என்று நாளைக்கு யாரும் பாதை உரிமை கேட்டுவிடக் கூடாது அல்லவா? அன்றைக்குப் பார்த்துப் போய்விட்டு, "வக்கீல் ஏமாத்திட்டார்" என்று திரும்பி வந்தவர்கள் உண்டு.

இத்தனை நடக்கும்போதும் அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். மனைவி என்ற முறையில் முதல் வகுப்பு வாரிசு, உயிலில் அனுபவ பாத்தியமும் அவருக்குத்தான். ஆனாலும் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டுவதோடு சரி. அவரும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். "அந்த லாக்கரத் திறந்து பாருங்கடா." லாக்கர் அப்பா பெயரில் மட்டும் இருந்தது, நாமினி இல்லை. பிள்ளைகளுக்குள் தகராறு என்று தெரிந்ததும் வங்கி மேலாளர் கோர்ட் ஆர்டர் கொண்டுவரச் சொல்லிவிட்டார். ஆர்டருக்குத்தானே அலைகிறோம், பொறு என்று அம்மாவுக்குப் பதில் கிடைக்கும்.

கடைசியில் ஆர்டர் வரும். கோயம்புத்தூர் முதியவர் கேசரி உட்பட எல்லாவற்றையும் சொல்லியிருப்பார், பெரியவரின் வக்கீல் அலுத்திருப்பார், சின்னவருக்கு முன்நெற்றி ஏறியிருக்கும். ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும் ஒரு வருடத்துக்குள் கணக்கும் நீதிமன்றத்தில் கொடுக்கவேண்டும் என்று வக்கீல் நினைவுபடுத்துவார். முத்திரை போட்ட நகலோடு நான்கு பேரும் வங்கிக்குப் போவார்கள். லாக்கருக்குள் இரண்டு ஜோடி வளையல், ஒரு ஒட்டியாணம், ரப்பர் பேண்ட் போட்ட ரசீதுக் கட்டு. அதன் அடியில் நான்காக மடித்த ஒரு தாள். அப்பாவின் கையெழுத்து, வேறு இரண்டு சாட்சிகள், முதல் உயிலுக்கு எட்டு மாதம் பிந்திய தேதி.

பதற்றப்பட வேண்டாம். வாரிசுரிமைச் சட்டத்தின் 263-ஆம் பிரிவு, கொடுத்த ஆணையை நீதிமன்றம் எப்போது ரத்து செய்யலாம் என்று சொல்லி, உதாரணங்களும் கொடுத்திருக்கிறது. புரொபேட் வழங்கிய பிறகு பிந்திய உயில் ஒன்று அகப்படுவது அந்த உதாரணங்களில் ஒன்று. தாளை முழுசாகப் படிப்பதற்கு முன்னால் குமாஸ்தாவுக்குப் போன் போடுங்கள். சாட்சிகளின் பெயரைப் படித்துச் சொல்லுங்கள்; அவர்கள் இருக்கிறார்களா, எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று விசாரிக்க ஆள் அனுப்புவார். ஹார்லிக்ஸ் இந்த முறை பெரிய பாட்டிலாக வாங்கிக்கொள்ளவும்.